ஆய்க்குடி காட்டும் வழி: சிகிச்சையைத் தீர்மானிக்க நோயாளிக்கும் ஒரு நாற்காலி!

தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கும் ஆய்க்குடி என்றதும், நெல்லைச் சீமைக்காரர்களுக்குப் பாலசுப்பிரமணிய சுவாமி கோயிலும் படிப்பாயசமும்தான் முதலில் நினைவுக்கு வரும். வேண்டுதல் பலித்தவர்கள் அனுமன் நதிப் படிக்கட்டைக் கழுவி அதில் பாயசத்தை ஊற்றுவார்கள். ஊர்க் குழந்தைகள் வந்து அதை வழித்துச் சாப்பிடுவார்கள். அந்த அனுமன் நதி சிற்றாற்றில் சேர்கிறது. சிற்றாறு ஓடிப்போய் சீவலப்பேரியில் தாமிரபரணியில் கலக்கிறது.

இந்தச் சின்ன ஊருக்கு, கோயில் தவிர இன்னொரு காரணத்துக்காகவும் 40 ஆண்டுகளுக்கு மேலாக ஜனங்கள் பஸ் ஏறி வந்துகொண்டிருக்கிறார்கள். கழுத்து நிற்காத பிள்ளையைத் தோளில் சாய்த்தபடி வரும் தாய்மார்கள், பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்த இளைஞர்கள், அவர்களைத் தூக்கிக்கொண்டு வரும் அண்ணன் தம்பிகள் எனப் பலரும் வருகிறார்கள். அவர்கள் தேடி வரும் இடம், அமர் சேவா சங்கம்.

மறுவாழ்வு மையங்கள் நாட்டில் எத்தனையோ உண்டு. ஆனால், இதைத் தொடங்கியவர் டாக்டர் அல்ல, ஒரு நோயாளி. அந்த ஒரு வித்தியாசம் எத்தனை காரியங்களை மாற்றிப்போட்டது என்று பார்த்தால், நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பற்றியும் சில கேள்விகள் எழும்.

ஒரு விழுதல், ஒரு டாக்டர்

ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ்.ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தவர். கடற்படை அதிகாரியாக வேண்டும் என்பது அவர் ஆசை. 1975 ஜனவரியில் பெங்களூருவில் நடந்த தேர்வின் உடற்திறன் சோதனையில் உயரத்திலிருந்து விழுந்தார். கழுத்துத் தண்டுவடத்தில் அடி. கழுத்துக்குக் கீழே உடம்பு செயலிழந்தது.

தண்டுவடம் அடிபட்டால் கை கால் அசையாமல் போவது மட்டும்தான் பிரச்னை என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் அங்கிருந்துதான் பிரச்னைகளே ஆரம்பிக்கின்றன. ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் சில மணி நேரத்திலேயே தோல் சிவக்கும், பிறகு புண்ணாகும். உணர்ச்சி இல்லாததால் வலி தெரியாது, அதனால் புண் எலும்புவரை போன பிறகுதான் வீட்டுக்கே தெரியவரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க ஆள் வேண்டும். சிறுநீர் தானாக வெளியேறாது. குழாய் போட்டால் கிருமித்தொற்று, அதைக் கவனிக்காவிட்டால் சிறுநீரகத்துக்கே ஆபத்து. ஆபரேஷன் நன்றாக முடிந்து வீடு திரும்பியவர்கள்கூட, படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் ஓரிரு வருடங்களில் இறந்துபோவது அந்தக் காலத்தில் சர்வசாதாரணம். இன்றைக்கும் அது முற்றிலும் நின்றுவிடவில்லை.

ராமகிருஷ்ணனுக்குச் சிகிச்சை தந்து, மனதையும் தேற்றியவர் ராணுவ மருத்துவரான ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹல். ஊர் திரும்பிய ராமகிருஷ்ணன், 1981-ல் ஓர் அமைப்பைத் தொடங்கியபோது அந்த டாக்டரின் பெயரைத்தான் அதற்குச் சூட்டினார். 'அமர்' என்பது அங்கிருந்து வந்தது. அந்த வருடத்தை ஐ.நா. சபை மாற்றுத்திறனாளிகளுக்கான சர்வதேச ஆண்டாக அறிவித்திருந்தது. டாக்டர் பெயரில் நோயாளி தொடங்கிய அமைப்பு! இருவரும் எதிரெதிர்க் கட்சி என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1992-ல் சென்னையிலிருந்து எஸ்.சங்கரராமன் வந்து சேர்ந்தார். ஆடிட்டர், தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருப்பவர். இருவரும் சேர்ந்து சின்னதாக இருந்த ஒன்றைப் பெரிய நிறுவனமாக வளர்த்தார்கள். இன்றைக்கு அங்கே தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கான பயிற்சி, குழந்தைகளுக்கான சிகிச்சை, எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளி, செயற்கைக்கால்களும் காலிப்பர்களும் செய்யும் பட்டறை எல்லாம் இருக்கின்றன. ராமகிருஷ்ணனுக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான், 2019 நவம்பரில், நெல்லையிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டம் ஆகியிருந்தது. அதுவரை இது 'எங்க நெல்லை மாவட்டத்து ஆய்க்குடி'!

நடப்பவருக்குத் தெரியாத பாடம்

கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு எப்படி மாறுவது? கேட்டால் சாதாரணமாகத் தெரியும். எலும்பு மருத்துவருக்கு அந்த அசைவில் எந்தத் தசை வேலை செய்கிறது என்று தெரியும், பிசியோதெரபிஸ்ட்டுக்கு எந்தக் கோணத்தில் நாற்காலியை நிறுத்த வேண்டும் என்று தெரியும். ஆனால் நடுராத்திரி கரன்ட் போன நேரத்தில், மனைவியை எழுப்பாமல், கீழே விழுந்துவிடுவோமோ என்ற பயத்தோடு மாறுவது எப்படி என்பது தினமும் அதைச் செய்கிறவருக்கு மட்டுமே தெரியும்.

ஐந்து வருடம் முன்பு விழுந்தவர், போன மாதம் விழுந்தவருக்குக் கற்றுக்கொடுப்பதன் பலம் அதுதான். 'இனி கல்யாணம் ஆகுமா?', 'கடையைத் திறந்து உட்கார முடியுமா?', 'துணி நனைந்துவிட்டால் என்ன செய்ய?' - இந்தக் கேள்விகளை வெள்ளைக் கோட்டு போட்டவரிடம் யாரும் கேட்பதில்லை. பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்பார்கள். மருத்துவ உலகம் இதை மெதுவாகத்தான் புரிந்துகொண்டது. இன்று உலகின் நல்ல தண்டுவடச் சிகிச்சை மையங்களில், பயிற்சி பெற்ற பழைய நோயாளிகள் சிகிச்சைக் குழுவிலேயே ஓர் உறுப்பினர்கள். சர்க்கரை நோய், புற்றுநோய், காசநோய், எய்ட்ஸ் என ஒவ்வொன்றிலும் இதே கதைதான். எய்ட்ஸ் சிகிச்சையின் சரித்திரத்தைப் பாதி எழுதியது, தெருவில் இறங்கிப் போராடிய நோயாளிகள்தாம்.

பீடித்தட்டும் பிசியோதெரபியும்

பெரியவர்கள் விஷயம் இருக்கட்டும். அமர் சேவா சங்கத்தின் வேலையில் மற்ற ஊர்க்காரர்கள் கூர்ந்து பார்க்க வேண்டியது, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான ஆரம்பநிலைச் சிகிச்சை.

முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம், கடையம் பக்கம் போய்ப் பாருங்கள். பீடி சுற்றாத தெருவே அபூர்வம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. சுற்றும் கை நின்றால் காசும் நின்றுவிடும். அப்படி ஒரு வீட்டில் மூளை முடக்குவாதம் என்று சொல்லப்படும் பாதிப்போடு ஒரு பிள்ளை இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு வயதாகியும் தலை நிற்கவில்லை, உட்காரவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிறாள் தாய். பரிசோதனை முடிந்ததும், 'தினமும் மூணு வேளை, அரை அரை மணி நேரம் இந்தப் பயிற்சியைக் கொடும்மா. வாரம் ரெண்டு தடவை இங்க கூட்டிட்டு வா' என்கிறார்கள்.

மருத்துவ ரீதியாக அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் கணக்குப் போடுங்கள். வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரி என்றால் இரண்டு நாள் கூலி போச்சு, பஸ் செலவு வேறு. வீட்டில் தினமும் ஒன்றரை மணி நேரம் பயிற்சி என்றால் சில நூறு பீடி குறையும். மூத்த பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அதையும் பார்க்க வேண்டும். முதல் மாதம் போவாள். இரண்டாவது மாதம் ஒருமுறை போவாள். அப்புறம் நின்றுவிடும். ஆஸ்பத்திரிச் சீட்டில் 'தொடர் சிகிச்சைக்கு வரவில்லை' என்று எழுதுவார்கள். அந்த ஒற்றை வரியில் குற்றவாளி தாய்தான்.

குடும்பத்தை மையமாக வைத்த சிகிச்சை முறை இந்த இடத்தில்தான் வேறு வழி பிடிக்கிறது. 'பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படுகிறீர்கள்?' என்பது அதில் முதல் கேள்வி. டாக்டர் மனதில் 'இடுப்புத் தசையின் இறுக்கம் குறைய வேண்டும்' என்பது இருக்கலாம். தாயிடம் கேட்டால், 'நான் பீடி சுத்துற நேரம் எம் பக்கத்துல உக்காந்திருந்தா போதும்' என்பாள். பாட்டியிடம் கேட்டால், 'பொரையேறாம சாப்பிட்டா சரி' என்பாள். இவைதான் சிகிச்சையின் இலக்குகளாக எழுதப்படும்.

இலக்கு மாறினால் பயிற்சியும் மாறிவிடும். தனியாக அரை மணி நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. இரண்டு சுவர் சேரும் மூலையில், முதுகுக்குத் தலையணை வைத்து, கால்களை நீட்டி உட்கார வைத்தால் அதுவே உட்காரும் பயிற்சி. தாய் பக்கத்திலேயே தட்டோடு உட்காரலாம். படுக்கவைத்துச் சோறு ஊட்டினால் உணவு மூச்சுக்குழலுக்குள் போய்ச் சளி, நிமோனியா என்று முடியும்; தலையைச் சற்று முன்பக்கமாகச் சாய்த்து உட்காரவைத்து ஊட்டினால் பாட்டியின் கவலையும் தீரும், ஆஸ்பத்திரிச் செலவும் குறையும். குளிப்பாட்டும்போது எண்ணெய் தேய்த்துக் கால்களை அகட்டிப் பிடிக்கலாம், உடை மாற்றும்போது கையை மேலே தூக்கவைக்கலாம். முற்றத்தில் இரண்டு மூங்கில் கழிகளைச் சமமாகக் கட்டிவிட்டால் பிடித்து நடக்கும் பயிற்சிக்கூடம் தயார்.

இதை வீட்டுக்கு வந்து காட்டிக்கொடுப்பவர்கள் யார்? பெரும்பாலும் அதே வட்டாரத்துப் பெண்கள். பயிற்சி பெற்ற சமூக மறுவாழ்வுப் பணியாளர்கள். ஊர்ப் பேச்சு தெரிந்தவர்கள், 'ஏ அக்கா, இன்னிக்கி எப்படி இருக்கான்?' என்று கேட்டபடி திண்ணையில் உட்காரக்கூடியவர்கள். பிசியோதெரபிஸ்ட்டுகளும் சிறப்புக் கல்வியாளர்களும் அவர்களுக்குப் பின்னால் நின்று வழிகாட்டுகிறார்கள். ஒவ்வொரு பிள்ளையின் முன்னேற்றமும் 'எனேபிளிங் இன்க்ளூஷன்' என்ற செயலியில் பதிவாகிறது. நிபுணர் தொலைவில் இருந்தபடியே அதைப் பார்த்துத் திருத்தம் சொல்லலாம். ஆய்க்குடியில் உருவாகிய அந்தச் செயலி இன்று தமிழ்நாட்டுக்கு வெளியேயும் போய்விட்டது.

மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஆகியோரையும் இந்த முறையில் மறக்கக் கூடாது. 'இவ கர்ப்பத்துல கிரகணத்தன்னைக்கு வெளிய வந்தா, அதான்' என்று சொல்லும் வாய், பிள்ளை மூலையில் தானாக உட்காரத் தொடங்கியதும் அடங்கிவிடும். அந்த வாய்தான் பிறகு அடுத்த தெருவில் இருக்கும் இன்னொரு தாயை அழைத்தும் வரும்.

டாக்டருக்கு இரண்டு நிமிடம்

'அது மறுவாழ்வு மையம், தொண்டு நிறுவனம். எங்க ஊர் பி.எச்.சி-யில இதெல்லாம் நடக்குமா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

67 நாடுகளில் ஒரு நோயாளியோடு டாக்டர் எவ்வளவு நேரம் செலவிடுகிறார் என்று தொகுத்த ஓர் ஆய்வு 2017-ல் வெளியானது. ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கும் மேல். வங்கதேசத்தில் 48 விநாடி. இந்தியா சுமார் 2 நிமிடத்தில் நின்றது. இரண்டு நிமிடத்தில் எந்த டாக்டரும் 'உங்க ஆசை என்ன?' என்று கேட்க முடியாது. டாக்டர்களைத் திட்டிப் பயனில்லை. ஒரு காலைப் பொழுதில் நூறு பேர் வரிசையில் நின்றால் யாராக இருந்தாலும் அப்படித்தான். அதனால்தான் டாக்டரின் மேஜைக்கு வெளியே, ஆஸ்பத்திரியின் நிர்வாகத்தில் நோயாளிக்கு இடம் வேண்டும் என்ற யோசனை பிறந்தது.

இங்கிலாந்தில் 1972-ல், ஆக்ஸ்போர்டு பக்கத்தில் பெரின்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் பீட்டர் பிரிட்சர்ட் என்ற குடும்ப டாக்டர், தன்னிடம் வரும் நோயாளிகளையே கூட்டி உட்காரவைத்து, 'என் கிளினிக்கில் எதை மாற்றலாம்?' என்று கேட்கத் தொடங்கினார். அன்றைக்கு அது வினோதம். 2015-லிருந்து இங்கிலாந்தில் ஒவ்வொரு குடும்ப டாக்டர் கிளினிக்கும் இப்படியொரு நோயாளர் குழுவை வைத்திருந்தே ஆக வேண்டும், ஒப்பந்தத்திலேயே அந்த ஷரத்து இருக்கிறது. தாய்லாந்து இன்னும் ஒரு படி மேலே போய் 2007-ல் சட்டமே போட்டது. அதன்படி மக்கள், டாக்டர்கள், அரசு மூவரும் கூடி விவாதிக்கும் தேசிய சுகாதாரப் பேரவை அங்கே ஆண்டுதோறும் கூடுகிறது. இவற்றுக்கெல்லாம் அடிப்படையான வாசகம் 1978-ன் அல்மா ஆட்டா பிரகடனத்தில் இருக்கிறது: தங்களுக்கான மருத்துவத்தைத் திட்டமிடுவதில் பங்கேற்பது மக்களின் உரிமை, கடமையும்கூட என்று அது சொன்னது.

தமிழ்நாட்டிலும் ஏட்டளவில் ஏற்பாடுகளுக்குக் குறைவில்லை. 2005-ல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்ததிலிருந்து, ஊராட்சி அளவில் கிராம சுகாதாரக் குழு உண்டு. ஊராட்சித் தலைவர், கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், சுய உதவிக்குழுப் பெண்கள் எனப் பலர் அதில் இருக்க வேண்டும். இப்படிப்பட்ட குழுக்களுக்கு, தேவைக்கேற்பச் செலவிட ஆண்டுக்கு 10,000 ரூபாய் என்று அப்போது நிர்ணயித்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையம், அரசு மருத்துவமனை ஒவ்வொன்றிலும் நோயாளர் நலச் சங்கம் உண்டு. ஒரு நாற்காலி வாங்குவதா, குடிநீர்த் தொட்டி வைப்பதா, கழிப்பறைக் கதவைச் சரிசெய்வதா என்பதை மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் அங்கேயே முடிவு செய்யத்தான் அந்தச் சங்கம்.

உங்கள் ஊர் நோயாளர் நலச் சங்கத்தில் நோயாளி யார்? இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லக்கூடிய வாசகர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். பெரும்பாலான இடங்களில் அதிகாரிகளும் ஊர்ப் பிரமுகர்களும் நாற்காலிகளை நிரப்பிவிடுகிறார்கள். பிரமுகருக்குக் காய்ச்சல் வந்தால் அவர் போவது தனியார் ஆஸ்பத்திரிக்கு!

மஞ்சள், சிவப்பு, பச்சை

பக்கத்து மாவட்டமான கன்னியாகுமரியில் ஒரு நல்ல முயற்சி நடந்தது. 2007 முதல் 2009 வரை ஒன்பது மாநிலங்களில் 'மக்கள் கண்காணிப்பு' என்ற சோதனைத் திட்டம் ஓடியது. தமிழ்நாட்டில் கன்னியாகுமரி, தருமபுரி, பெரம்பலூர், திருவள்ளூர், வேலூர் ஆகிய ஐந்து மாவட்டங்களை எடுத்துக்கொண்டார்கள். கிராமத்து மக்களே உட்கார்ந்து தங்கள் சுகாதார நிலையத்துக்கு மார்க் போடுவார்கள். தடுப்பூசி ஒழுங்காக நடக்கிறதா? பச்சை. மருந்து பாதி நாள் இல்லையா? மஞ்சள். பிரசவத்துக்குப் போனால் கை நீட்டுகிறார்களா? சிவப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அட்டையைப் பார்த்தாலே புரியும். அந்த அட்டையை வைத்துக்கொண்டு மருத்துவ அலுவலரோடு கூட்டம் போடுவார்கள்.

ஆரம்பத்தில் சுகாதாரப் பணியாளர்களுக்கு அது பிடிக்காமல் போனதில் ஆச்சரியமில்லை. யாருக்குத்தான் ரிப்போர்ட் கார்டு பிடிக்கும்? ஆனால் சிவப்புக்குக் காரணம் பல நேரம் செவிலியர் அல்ல. காலியிடம் நிரப்பாதது, வண்டி இல்லாதது, கரன்ட் இல்லாதது போன்ற மேலிடத்துக் குறைகள். அவற்றை மக்கள் வாயால் சொன்னால், ஊழியர் நூறு கடிதம் எழுதியதைவிட எடை அதிகம். அந்தத் திட்டம் மாநிலம் முழுக்க விரியாமல் போனது நஷ்டம்தான்.

அதற்குப் பிறகு, உலக வங்கி உதவியோடு 2019-ல் தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரச் சீரமைப்புத் திட்டத்தில் மறுபடியும் ஒரு கதவு திறந்தது. மாவட்ட சுகாதாரப் பேரவை, மாநில சுகாதாரப் பேரவை என்ற அமைப்புகள் அதில் வந்தன. கீழேயிருந்து தேவைகளைத் திரட்டி மேலே கொண்டுபோவது நோக்கம். கூட்டத்தில் மேடை எவ்வளவு பெரிது, எதிரே உட்கார்ந்தவர்களுக்கு மைக் எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அதன் பலன்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இன்னொரு முனை. சுய உதவிக்குழுவிலிருந்து வந்த பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் வலி தணிக்கும் சிகிச்சையும் கிடைக்கின்றன. 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருதும் இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. நல்ல திட்டம், சந்தேகமில்லை. ஆனால் மாத்திரை வீட்டுக்கு வருவது ஒன்று. 'இந்த மாத்திரை போட்டா தலை சுத்துது, அதான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுறேன்' என்று பாட்டி சொல்வது டாக்டர் காதுக்குத் திரும்பிப் போவது இன்னொன்று. வீடுவரை வந்த அந்தப் பெண்ணுக்கு அதை எழுத நோட்டில் ஓர் இடம் இருக்க வேண்டும். அதைப் படிக்க மேலே ஒருவரும் இருக்க வேண்டும்.

ஊசி போடுங்க டாக்டர்!

நோயாளி சொல்வதெல்லாம் சரியா? இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சாதாரண ஜலதோஷத்துக்கு ஊசி கேட்டு அடம்பிடிப்பது யார்? ஊசி போடாத டாக்டரைக் 'கைராசி இல்லாதவர்' என்று ஒதுக்குவது யார்? உடம்பு அசதிக்கு 'ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க' என்பது யார்? வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்று தெரிந்தும், வந்தவர் மனம் கோணக் கூடாது என்று எழுதிக்கொடுக்கிற டாக்டர்கள் உண்டு. அதன் விளைவாக, உண்மையிலேயே தேவைப்படும்போது அந்த மருந்து கேட்காமல் போகிறது. கேட்டதைக் கொடுக்கும் கடை வியாபாரத்தை மக்கள் பங்கேற்பு என்று சொல்லிவிட முடியாது.

எந்த நோய்க்கு எந்த மருந்து என்பதில் டாக்டருக்குத்தான் அறிவு. அந்த மருந்து இந்த வீட்டில், இந்தக் கூலியில், இந்த நேரத்தில் சாத்தியமா என்பதில் நோயாளிக்குத்தான் அறிவு. ஆய்க்குடி வகைச் சிகிச்சையில் தாய் இலக்கைச் சொல்கிறாள், அதை அடையும் வழியை பிசியோதெரபிஸ்ட் சொல்கிறார். 'பிள்ளைக்கு நடக்க வரும்வரை மற்றதெல்லாம் வேண்டாம்' என்று தாய் பிடிவாதம் பிடித்தால், முதலில் உட்கார வேண்டும், பிறகுதான் நிற்க முடியும் என்று பொறுமையாகப் பேசுவதும் சிகிச்சைதான். அந்தப் பேச்சுக்கு இரண்டு நிமிடம் போதாது. திண்ணையில் உட்காரும் ஊர்ப் பெண்ணுக்கு அரை மணி நேரம் இருக்கிறது.

யார் கண்ணுக்கு எது தெரியும்?

ஒரு சுகாதார நிலையத்தை டாக்டர் பார்ப்பதும் நோயாளி பார்ப்பதும் ஒன்றல்ல. பீடிக் கடையில் சரக்கு ஒப்படைக்க வேண்டிய நேரமும் சர்க்கரை நோய்க்கு மருந்து கொடுக்கும் நேரமும் ஒன்றாக இருந்தால், எந்தப் பெண் வருவாள்? மேலப்பாளையத்துப் பெண்ணுக்கு அது தெரியும், நேரம் குறித்த அதிகாரிக்குத் தெரியாது. காரையாறு மலையில் இருக்கும் காணி மக்களுக்குப் பாபநாசம் இறங்கி வர எந்த பஸ் உண்டு, அது திரும்பிப் போகும்முன் ரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வருமா என்பது பஸ்ஸில் வருகிறவருக்குத்தான் தெரியும். பெண்கள் கழிப்பறைத் தாழ்ப்பாள் உடைந்திருப்பதால் சிறுநீர் மாதிரி கொடுக்காமல் வீடு திரும்பும் கர்ப்பிணியைப் பற்றி எந்தப் பதிவேட்டிலும் வராது.

இதற்காகப் பெரிய படிப்பு வேண்டாம். கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே சாலைக்கும் குடிதண்ணீருக்கும் குரல் எழுகிறது. சுகாதார நிலையத்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. கிராம சுகாதாரக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது கூடினார்கள், வந்த பணம் எதற்குச் செலவானது - இந்த மூன்றையும் கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லலாம். நோயாளர் நலச் சங்கத்தில் அந்த நிலையத்துக்கே சிகிச்சைக்கு வரும் ஒரு சர்க்கரை நோயாளி, பிள்ளை பெற்ற ஒரு பெண், ஒரு மாற்றுத்திறனாளி இருக்க வேண்டும் என்று தீர்மானமே போடலாம்.

மாற்றுத்திறனாளி எதற்கு என்று யாராவது கேட்டால், வாசலில் இருக்கும் சரிவுப்பாதையைக் காட்டுங்கள். ஒரு அடி உயரம் ஏற வேண்டுமென்றால் குறைந்தது பன்னிரண்டு அடி நீளத்துக்குச் சரிவு இருக்க வேண்டும் என்பது விதி. வாசற்படி இரண்டடி உயரம் என்றால் 24 அடி. பல கட்டடங்களில் எட்டடி, பத்தடியில் முடித்து, பளபளவென்று டைல்ஸ் ஒட்டி, திறப்பு விழாவும் நடத்தியிருப்பார்கள். சக்கர நாற்காலியில் ஒருவரை உட்காரவைத்து, பின்னால் யாரும் தள்ளாமல் மழை நாளில் ஏறிப் பார்க்கச் சொன்னால் போதும். காண்ட்ராக்டருக்குக் கடைசி பில் போவதற்கு முன்னால் அந்தச் சோதனையை வைத்துக்கொண்டால், இடித்துக் கட்டும் செலவும் மிச்சம்.